குளிரைத் தேக்கிய சுவர்

எவரிஸ்தோவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. அதற்காகப் பொய்யும் சொல்ல மாட்டேன். லா இகெரீதாவில் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற நீர்க்கட்டி வேலையில் அவரைப் போல ஒருவர் இருந்ததில்லை. மலையிலிருந்து இறங்கும் வாய்க்காலில் யாருக்கு எப்போது முறை, எந்த மடையை எவ்வளவு தூக்கினால் கடைசித் தோட்டம் வரைக்கும் தண்ணீர் போய்ச் சேரும் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். எங்கள் பக்கம் மழையை நம்பி யாரும் ஒரு கீரைப் பாத்திகூடப் போட மாட்டார்கள். வாய்க்கால்தான் எல்லாம். அப்பேர்ப்பட்ட தண்ணீரைக் கையில் வைத்திருந்தவர் ஒருநாளும் ஓரவஞ்சனை செய்ததில்லை. பாதிரியாரின் திராட்சைக் கொடிக்கும் குடிகாரன் வீட்டு வெங்காயத்துக்கும் ஒரே அளவுதான்.

தன் தம்பிக்கும் அதே அளவுதான். அதுதான் வேடிக்கை. சில்வேரியோவின் முறை வரும்போது நேரம் தவறாமல் மடையைத் திறப்பார். திறந்துவிட்டு வாய்க்காலைப் பார்த்து, "முறை வந்தாச்சு" என்பார். பக்கத்திலேயே மண்வெட்டியோடு நிற்கும் தம்பியைப் பார்க்க மாட்டார். தம்பியும் வாய்க்காலைப் பார்த்துத் தலையாட்டுவார். இப்படியே இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது.

நான் ஓதிலியா. பிளம்ஸ் தரம் பிரித்து உலர்த்தும் கொட்டகையில் வேலை பார்த்தவள். எவரிஸ்தோவின் மனைவி எர்மெலிந்தா என் மகளுக்கு ஞானத்தாய். ஆகவே அந்த வீட்டு அடுப்படி வரைக்கும் எனக்கு உரிமை உண்டு. அந்த வீட்டு விஷயத்தில் கோபப்படவும் உரிமை உண்டு. பூத்து முடிந்து பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் உறைபனி விழுந்தால் தோட்டக்காரனுக்கு மட்டுமா நஷ்டம்? கொட்டகையில் எங்களைக் கூப்பிட மாட்டார்கள். அந்த வருஷம் கோடை முழுக்க வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

சண்டை தொடங்கியதும் ஓர் உறைபனியில்தான். அவர்களுடைய அப்பா காசிமிரோ அப்போது இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். தோட்டம் இரண்டு பிள்ளைகள் கையில் இருந்தது. அக்டோபர் மாதம், எங்கள் பக்கம் அதுதான் வசந்தம். மரமெல்லாம் கொண்டைக்கடலை அளவுக்குப் பிஞ்சு. ரேடியோவில் பனி எச்சரிக்கை சொல்லிவிட்டார்கள். மண் நனைந்திருந்தால் கொஞ்சம் சூடு தங்கும் என்பதால் ஊரே தண்ணீர் கேட்டது. எவரிஸ்தோ வாய்க்காலுக்குப் போய்விட்டார். குளிரை விரட்ட மர வரிசைகளுக்கு நடுவே எண்ணெய்ச் சட்டிகளைக் கொளுத்திக் காவல் காக்கிற வேலை சில்வேரியோவுக்கு. விடிந்து எவரிஸ்தோ திரும்பி வந்தபோது சட்டிகள் எல்லாம் அணைந்து கிடந்தன. தம்பி வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எவரிஸ்தோ ஒரு பிஞ்சைப் பறித்து நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சையாக இருந்தால் பிழைத்தது, கறுத்திருந்தால் போய்விட்டது. எங்கள் ஊரில் குழந்தைகூட அப்படித்தான் பார்க்கும். எல்லாம் கறுத்திருந்தது. அடுத்த குளிர்காலம் தாண்டாமல் காசிமிரோவும் போய்ச் சேர்ந்தார்.

"அவன் தூக்கம் எங்கப்பாவைக் கொன்னுடுச்சு." எவரிஸ்தோ ஊருக்கெல்லாம் சொன்னது இது ஒன்றுதான். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. சில்வேரியோவுக்குத் தூங்குமூஞ்சி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சர்ச்சில் அவர் கண்ணை மூடி ஜெபம் செய்தால்கூடப் பின்னால் இருக்கிறவர்கள் இருமிக் காட்டுவார்கள்.

தோட்டத்தைப் பிரித்தார்கள். மேட்டுப் பாதி அண்ணனுக்கு, ஆற்றைப் பார்த்து இறங்கும் பள்ளத்துப் பாதி தம்பிக்கு. பிரித்த கையோடு எவரிஸ்தோ நடுவில் சுவர் எழுப்பினார். மண்ணும் வைக்கோலும் மிதித்துச் சுடாத பச்சைக்கல் அறுத்து, தன் கையாலேயே கட்டினார். கையைத் தூக்கி நின்றாலும் விரல் நுனி எட்டாத உயரம். இரண்டு முனையும் வாய்க்கால் கரை மேட்டோடு போய் முட்டி நின்றது. நடுவில் ஒரு பூனை நுழைகிற ஓட்டைகூட விடவில்லை. "தம்பி முகத்தைப் பார்க்காம இருக்க இவ்வளவு உசரமா? அவன் என்ன ஒட்டகச்சிவிங்கியா?" என்று எங்கள் கொட்டகைப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடுத்த வசந்தத்தோடு போச்சு. லேசான பனிதான். ஊரில் பெரிதாக யாருக்கும் சேதமில்லை. எவரிஸ்தோ தோட்டத்தில் மட்டும் பாதிக்கு மேல் போய்விட்டது. மறுவருஷமும் அப்படி. அதற்கு மறுவருஷமும் அப்படி. சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குமூஞ்சியின் மரங்கள் காய்த்துத் தொங்கின. எர்மெலிந்தா முதலில் தங்கள் மண் கெட்டுவிட்டது என்றாள். பிறகு யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றாள். பாதிரியாரைக் கூட்டிவந்து தண்ணீர் தெளித்தாள். பனிக்குப் பாதிரியார் யாரென்று தெரியவில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது அவர்கள் மகன் லிசாந்த்ரோ. அப்போது அவன் பட்டாளத்துச் சேவை முடித்து வந்திருந்தான். தோட்டம் பிழைக்குமானால் இங்கேயே இருப்பது, இல்லையென்றால் தெற்கே கொமொதோரோவுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போவது என்று சொல்லிக்கொண்டிருந்தான். எர்மெலிந்தாவுக்கு இருந்தது ஒரே பிள்ளை. அவளுக்குப் பிளம்ஸ் பழம் பெரிதில்லை. பழம் விளைந்தால் பிள்ளை தங்குவான், அவ்வளவுதான் அவள் கணக்கு.

அன்று நான் அங்கே இருந்தேன். மேசையில் மாத்தே, குழலில் உறிஞ்சிக் குடிக்கிற எங்கள் கசப்புத் தேநீர், கைமாறிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. லிசாந்த்ரோ வெளியிலிருந்து வந்து வாசலிலேயே நின்றான்.

"அப்பா, கொஞ்சம் வெளிய வாங்க. மரத்தைப் பாருங்க. மேல காய் இருக்கு, கீழ ஒண்ணுமில்ல."

"பனின்னா அப்படித்தான்."

"இல்லப்பா. கருகின கோடு எங்க நிக்குதுன்னு பாருங்க. எல்லா மரத்துலயும் சுவரோட தலைக்கு நேரா நிக்குது. மேட்டு வரிசைக்குப் போகப் போக அதே மட்டத்துல போயி கடைசி மரத்துல அடிமரத்தோட முடிஞ்சிடுது. மடையை அடைச்சா தண்ணி எப்படித் தேங்கும், அதே மாதிரி. மலையிலருந்து குளிர் இறங்கி வந்து நம்ம சுவர்ல முட்டித் தேங்குது."

"குளிரு தண்ணி மாதிரி ஓடுமா? எந்த வாத்தியான் சொல்லிக் கொடுத்தான்?"

"வாத்தியார் இல்ல. உங்க பின்னாடி வாய்க்கால்ல நடந்து கத்துக்கிட்டதுதான்."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். பையன் சொன்னது சரி. வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில் கறை தெரியுமே, அப்படித் தெரிந்தது. கோட்டுக்கு மேலே பச்சை, கீழே கருகல்.

"ஒரு வாசல் அகலம் இடிச்சாப் போதும்பா. கதவுகூட வேணாம்" என்றான் லிசாந்த்ரோ. "ஒரே ஒரு வருஷம் முழு விளைச்சல் பார்த்துட்டேன்னா நான் எங்கயும் போகல."

எவரிஸ்தோ மாத்தேயை உறிஞ்சி முடித்து மனைவியிடம் நீட்டினார். "அந்தச் சுவர்ல கை வைக்கிறவன் இந்த மேசையில கை வைக்கக் கூடாது."

எர்மெலிந்தா அதற்குப் பிறகு சுவரைப் பற்றி நேராகப் பேசவே இல்லை. சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், இரண்டு வாரம் உப்பில்லாமல் சமைத்தும் பார்த்தாள். அவர் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். கடைசியில் வீட்டிலிருந்த போர்வை, ஜன்னல் திரை, படுக்கை விரிப்பு, கல்யாணத்துக்கு வந்த மேசை விரிப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் கீழ்க்கிளைகளில் போர்த்தினாள். "எர்மெலிந்தா பேய்ங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறா" என்று ஊர் சிரித்தது. அவளுக்குக் கூடமாட நின்று விரிப்புகளைக் கட்டிக் கொடுத்தது யார் தெரியுமா? எவரிஸ்தோதான். காற்றில் பறக்காமல் ஒவ்வொரு முனையிலும் கல் கட்டினார். பெண்டாட்டிக்காக எதையும் செய்வார் அந்த மனுஷன், செய்ய வேண்டிய ஒன்றைத் தவிர.

அடுத்த அக்டோபர் கடைசியில் பனி விழுந்தது. விடிந்து பார்த்தால் விரிப்புகள் பலகை மாதிரி விறைத்து நின்றன. எர்மெலிந்தா ஒன்றைத் தூக்கி, பிஞ்சைப் பறித்து நகத்தால் கீறினாள். இன்னொன்றைக் கீறினாள். கீறிக்கொண்டே வரிசை நெடுகப் போனாள். லிசாந்த்ரோ அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "போதும்மா, உள்ள வா" என்றான். அந்த வாரமே அவன் பெட்டி கட்டிவிட்டான். பஸ் ஏறும்போது அப்பாவுக்குக் கை கொடுத்தான். எவரிஸ்தோ கொடுத்த கையை விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "தெற்கே காத்து அதிகம். தொப்பியை மறந்துடாத" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் தோட்டத்துப் பழம் வராததால் அந்த வருஷமும் கொட்டகையில் எங்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. என் கோபம் முழுக்க லிசாந்த்ரோவுக்காக என்று சொன்னால் அது பொய். மறுநாளே மடைக்குப் போய் அவரைப் பிடித்தேன்.

"எவரிஸ்தோ அண்ணே, உங்க பையன் சொன்னது ஊருக்கே புரிஞ்சிடுச்சு. உங்களுக்கு மட்டும் புரியலியா?"

அவர் மடைப் பலகையில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "எனக்குப் புரியலன்னு யார் சொன்னது?"

"பின்ன?"

"ரெண்டாம் வருஷமே தெரியும். தண்ணி மட்டம் பார்த்துப் பழகின கண்ணு இது ஓதிலியா. அந்தக் கோட்டை நான் பார்க்காம இருப்பேனா?"

திட்டுவதற்கு எவ்வளவோ மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தேன். கடைசியில் கேட்டது ஒன்றுதான்.

"தெரிஞ்சுமா பிள்ளையை அனுப்பினீங்க?"

"ஓட்டை போட்டா குளிர் அந்தப் பக்கம் போகும். சரி. பேச்சு இந்தப் பக்கம் வரும். எனக்கு அவன் பேச்சு வேணாம்."

"ஒரு பேச்சுக்காகவா?"

"நீ வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் பலகையை இறக்கினார். என்ன பேச்சு, அதில் அப்படி என்ன பயம் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. இதை நான் எர்மெலிந்தாவிடம் சொல்லவும் இல்லை. புருஷனுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒருத்தி வாழ்கிறாள். அந்த ஆறுதலையும் நான் ஏன் பிடுங்க வேண்டும்?

வருஷங்கள் போயின. லிசாந்த்ரோ கொமொதோரோவிலேயே கல்யாணம் செய்துகொண்டான். கிறிஸ்துமஸுக்கு ஒரு வருஷம் வருவான், இரண்டு வருஷம் வர மாட்டான். சுவரின் மேல்வரிசைக் கல் மழையில் கரைந்தால் எவரிஸ்தோ உடனே ஏணி வைத்து ஏறிப் பூசிவிடுவார். அப்படி ஒருநாள் பூசிவிட்டு இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். மார்ச் மாதம், பழமெல்லாம் முடிந்த பருவம். சாகும்போதுகூட அறுவடைக்கு இடைஞ்சல் செய்யாதவர் என்று யாரோ துக்க வீட்டில் பெருமையாகச் சொன்னார்கள். எந்த அறுவடைக்கு என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது.

சில்வேரியோ வந்தார். சுவரைச் சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாக வந்தார். அண்ணன் காலடியில் நின்று சத்தம் போட்டு அழுதார். பிறகு அடுப்படிக்கு வந்து, காபி ஊற்றிக்கொண்டிருந்த எர்மெலிந்தாவிடம், "அண்ணி, அந்தச் சுவர் அண்ணன் கையால கட்டினது. அவர் ஞாபகமா அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணன் ஞாபகமா, இல்ல உங்க பழத்துக்குக் காவலா?" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "மறைச்சு என்ன ஆகப் போகுது. குளிர் எங்கிட்ட இறங்கிடும்னு பயந்தேன். அதான் இத்தனை வருஷமா வாயைத் திறக்கல."

"அப்போ உங்களுக்கும் தெரியும்."

"கண்ணு இருக்கிறவனுக்கெல்லாம் தெரியும். அந்த மரத்தைப் பார்த்தா தெரியாதா?" சொல்லிவிட்டுக் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். அன்னிக்கு நான் தூங்கினது சட்டியில எண்ணெய் தீர்ந்த பிறகுதான். இருட்டினவுடனே எல்லாத்தையும் பத்த வைன்னு சொன்னது அண்ணன். பனி விடியறப்பத்தான் கடிக்கும், அதுவரைக்கும் எண்ணெய் தாங்காதுன்னு நான் சொன்னேன். 'நீ எனக்குச் சொல்லித் தர்றியா'ன்னார். அப்பா கட்டில்ல படுத்துக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். அவரும் வெளிய சொல்லல."

"ஊர் உங்களைத் தூங்குமூஞ்சின்னு கூப்பிட்டுச்சே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லணும்னு இருந்தேன். பார்க்கறதுக்குள்ள சுவர் வந்துடுச்சு."

மடையடியில் கேட்ட அந்த 'பேச்சு' எது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எர்மெலிந்தா காபிக் கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அழவில்லை. "நாளைக்கு அடக்கம். நாளை மறுநாள் கடப்பாரையோட வாங்க. உங்க பக்கத்துல இருந்து நீங்க இடிங்க. என் பக்கத்துல இருந்து நான் இடிக்கிறேன்" என்றாள்.

அடக்கத்துக்கு வந்திருந்த லிசாந்த்ரோவையும் கூப்பிட்டாள். அவன் சுவரை ஒரு பார்வை பார்த்தான். "இப்போ எதுக்கும்மா" என்றான். அவனுக்கு அன்று மாலையே பஸ்.

சொன்னபடி சில்வேரியோ வந்தார். பச்சைக்கல் காய்ந்து பாறையாகியிருந்தது. நானும் எர்மெலிந்தாவும் மாற்றி மாற்றி இடித்தோம். அந்தப் பக்கம் இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதல் ஓட்டை விழுந்தபோது சில்வேரியோவின் கண் தெரிந்தது. பொழுது சாய்வதற்குள் ஒரு வாசல் அகலம் திறந்துவிட்டோம்.

அக்டோபரில் பனி வந்தது. வராமல் இருக்குமா? விடிந்ததும் நான் ஓடினேன். எர்மெலிந்தா ஏற்கெனவே சுவரோரத்து மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். கையெட்டும் கிளையில் ஒரு பிஞ்சைப் பறித்து நகத்தால் கீறி என்னிடம் நீட்டினாள். பச்சை. அடுத்ததும் பச்சை. திறப்பு வழியாகச் சில்வேரியோ பக்கம் போய்ப் பார்த்தோம். அவர் இத்தனை வருஷமாகப் பயந்த குளிர், அவர் தோட்டத்தில் நிற்கவேயில்லை. சரிவில் இறங்கி நேரே ஆற்றுப் பக்கம் போய்விட்டது. ஒரு கிளை கருகவில்லை. ஒருவருக்கும் நஷ்டமில்லாத காரியத்துக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து ஒரு பிள்ளையை ஊரைவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த வீட்டு விஷயத்தில் நான் அழுதது அன்று ஒருநாள்தான்.

வீட்டுக்கு வந்ததும் எர்மெலிந்தா கொமொதோரோவுக்குப் போன் போட்டாள்.

"லிசாந்த்ரோ, கீழ்க்கிளை எல்லாம் தப்பிச்சுடுச்சுடா. முழு விளைச்சல். ஒண்ணுகூடக் கருகல."

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரச் சத்தம். பிறகு அவன் குரல் எனக்கே கேட்டது.

"சந்தோஷம்மா. பறிக்க ஆள் கிடைப்பாங்களா?"

"கிடைப்பாங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். "வரேன்னு சொல்லுவான்னு இருந்தேன்" என்றாள் என்னிடம்.

மரம் கொள்ளாமல் பிஞ்சு பிடித்துவிட்டால் பாதியைக் கிள்ளிப் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் பழம் பருக்கும்போது பாரம் தாங்காமல் கிளை முறியும். அந்த வீட்டில் இத்தனை காலம் அந்த வேலைக்கே தேவை வரவில்லை. நவம்பரில் நான் ஏணியும் கூடையும் எடுத்துக்கொண்டு போனேன். எர்மெலிந்தா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு. நாள் தள்ளினா அப்புறம் கஷ்டம்."

"இத்தனை வருஷம் பனி கிள்ளினது போதாதா ஓதிலியா? நானும் கிள்ளணுமா?"

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒரு மரத்தையும் தொட விடவில்லை. ஜனவரியில் பழம் சிவந்தபோது சில்வேரியோவும் நானும் கிடைத்த கம்பையெல்லாம் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தோம், போதவில்லை. கீழ்க்கிளைகள் ஒவ்வொன்றாகப் பழத்தோடு முறிந்து விழுந்தன.